கோட்டைச்சாமி பணியில் இல்லை

பழுது பார்க்க மதுரையிலிருந்து வந்த தில்லையரசி உள்ளே நுழைந்தபோது கோட்டைச்சாமி கணிப்பொறிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். திரையில் "கோட்டைச்சாமி பணியில் இல்லை" என்று எழுதியிருந்தது.

"பாருங்க மேடம் இந்தக் கூத்தை. நான் இங்கனதான நிக்கிறேன்?" என்றார் அவர்.

"நிக்கிறீங்க," என்றாள் தில்லையரசி.

"இதுக்கு யாராச்சும் சொல்லுங்களேன்."

ஐம்பத்தாறு வயது மனிதர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் பெயரும் இருந்தது, படமும் இருந்தது. இரண்டு மணி நேரமாகத் தன் பெயருக்கு எதிரே நின்று, தான் வந்திருப்பதை நிரூபிக்க முடியாமல் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது அவருக்கு.

அவருக்குப் பின்னால் மேசையில் சாய்ந்து நின்றவர் அபுதாகிர். அடுத்த ஷிப்ட் ஆள், நாற்பது வயதிருக்கும். கால்சராய் முழங்கால் வரை நனைந்து, அதில் கூழ் மாதிரி ஏதோ காய்ந்துகொண்டிருந்தது.

உப்பாறுமுனையில் இருக்கிற அந்த நிலையம் கடல்தண்ணீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்துவிட்டு, பதினான்கு ஊர்களுக்குக் குடிதண்ணீராக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கரையோரத்துக் கிணறுகளெல்லாம் உவர்த்துப்போய்ப் பதினைந்து வருஷமாகிவிட்ட காலம் அது. குழாயில் வந்தால்தான் தண்ணீர். குழாயையும் பம்பையும் மருந்தையும் சேர்த்து நடத்துவது ஒரே ஒரு லினக்ஸ் கணிப்பொறி. அதற்கு ஒரு பழக்கம் கொடுத்திருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பணியில் இருப்பவர் உள்ளே போய் 'கவனித்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் காவலுக்கு ஆளில்லை என்று எண்ணி ஆலை தானே நின்றுவிடும். நின்றால் உள்ளே உப்பை வடிகட்டுகிற சவ்வுகளைக் கழுவி மறுபடி ஓடவைக்க மூன்று நாள் பிடிக்கும்.

கடைசியாக அழுத்தியது காலை ஒன்பது பத்துக்கு. இப்போது மணி பதினொன்றே முக்கால். மதியம் மூன்று பத்து வரைக்கும் நேரம்.

"என்ன நடந்துச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க," என்று தில்லையரசி பையை இறக்கி வைத்தாள்.

"சொறி வந்து அடைச்சிருச்சு மேடம்," என்றார் அபுதாகிர். "கடல்ல வருமே, சொறி மீனு. உறிஞ்சு குழாய் வலை பூராவும் நுங்காட்டம் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் போயி வாரிப் போட்டோம். வர்றதுக்குள்ள திரை பூட்டிக்கிச்சு."

"ரெண்டு பேருமா? இங்க ஒருத்தரும் இல்லாமயா?"

"மூணாவது ஆள் இருந்தா நீங்க ஏன் மேடம் மதுரையில இருந்து வரப்போறீங்க?"

கோட்டைச்சாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். அபுதாகிர் முழங்காலில் ஒட்டியிருந்த கூழைச் சுரண்டத் தொடங்கினார்.

தில்லையரசி வேலையை ஆரம்பித்தாள். அவள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி உங்களை வருத்தப்போவதில்லை. வைத்தியர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார், பிறகு நாடியைப் பிடிப்பார் இல்லையா, அதே கதைதான். விசைப்பலகையில் எந்தச் சாவியும் அமுங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தாள். கடிகாரம் தப்பாக ஓடுகிறதா, வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்த்தாள். மூன்று சாவிகளைச் சேர்த்து அமுக்கி, படமெதுவும் இல்லாத கறுப்புத் திரைக்குப் போய், அந்த வழியாக உள்ளே விடுகிறதா என்று கோட்டைச்சாமியையே அடிக்கச் சொன்னாள். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் உள்ளே விட்டது. பிறகு வெளியே தள்ளிவிட்டது.

"சாத்திட்டு மறுபடி போட்டுப் பாத்தா?" என்றார் அபுதாகிர். "எங்க வீட்டு டீவி அப்படித்தான் சரியாகும்."

"சாத்தினா உங்க ஆலையும் சேர்ந்து சாத்திக்கும்ணே."

அவள் தன் மடிக்கணினியைக் கம்பியால் அதனோடு இணைத்தாள். பராமரிப்பு ஆட்களுக்கென்று தனி வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாகப் போய் எல்லாவற்றையும் படிக்கலாம். ஆலையின் ஒரு திருகைக்கூடத் தொட முடியாது. நாட்குறிப்பைத் திறந்தாள். கணிப்பொறி தனக்கு நடப்பதையெல்லாம் அதில் எழுதிவைத்துக்கொண்டே வரும். காலை ஒன்பது நாற்பதிலிருந்து ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

கடவுச்சொல் சரி. ஆள் வேறு.

"ஓ," என்றாள். "இது ஆள்காவல் பண்ற வேலை."

"அது என்னது?"

"நீங்க எழுந்து போனதும் திரை பூட்டிக்குதுல்ல? திரும்பி வர்றது நீங்கதானான்னு பாக்கிற பூட்டு. கடவுச்சொல்லை யாரும் திருடலாம். ஆனா நீங்க அடிக்கிற தினுசைத் திருட முடியாது. எந்த விரலை எவ்வளவு நேரம் வச்சு எடுக்கிறீங்க, எங்க தயங்குறீங்க, எங்க வேகமாப் போறீங்க... நடையைப் பாத்து தூரத்துல வர்றது யாருன்னு சொல்றோமில்ல, அது மாதிரி இது கைநடை. ரெண்டு வருஷமா அது உங்களைப் பாத்துப் பாத்துப் படிச்சு வச்சிருக்கு. இத்தனை நாள் படிக்க மட்டும் விட்டிருந்தோம். இனிமே தடுக்கவும் செய்யணும்னு விசாரணைக் குழு சொன்னதால நேத்து சாயங்காலம் நான்தான் மதுரையில இருந்து கண்டிப்புக்கு மாத்துனேன். அதுக்கப்புறம் முதல் தடவையா இன்னைக்குக் காலையிலதான் திரை பூட்டியிருக்கு."

"மாத்துனது நீங்கதான? திரும்ப மாத்திருங்க," என்றார் கோட்டைச்சாமி.

"முடியாதுண்ணே. அந்தச் சாவி ஒரு பக்கம்தான் சுத்தும். எங்க சாவி திருட்டுப்போனாலும் யாரும் தளர்த்தக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு. ஒண்ணு நெசமான ஆள் வந்து உள்ள போகணும். இல்லேன்னா பூட்டையே கழற்றிப் போடணும்."

"நெசமான ஆள் நான்தான மேடம்!"

தில்லையரசி கோட்டைச்சாமியின் கைநடை என்று கணிப்பொறி படித்து வைத்திருந்ததை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை செய்த நேரம் பெரும்பாலும் சாயங்காலம் ஆறு முதல் விடியற்காலை வரை. கால் மணிக்கு ஒரு தடவை, தவறாமல், அளவுகளைப் பதிந்திருக்கிறது அந்தக் கை. நிதானமான கை. எண்ணை அடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தி, சரிபார்த்துவிட்டே அடுத்ததற்குப் போகிற கை.

"அண்ணே, நீங்க நைட் ஷிப்டா?"

"இல்லியே. காலை."

"இந்த லாகின்ல எத்தனை பேர் வேலை பாக்குறீங்க?"

கோட்டைச்சாமி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும்தான்," என்றார் அபுதாகிர் கடைசியில். "நிலையம் திறந்தப்போ ஒரே ஒரு பேருக்குத்தான் அனுமதி வந்துச்சு. அண்ணன் நிரந்தரம், அதனால அண்ணன் பேரு. எங்களுக்கும் எழுதிப் போட்டோம். அது எந்த மேசையில கிடக்கோ. அதுக்காகத் தண்ணி விடாம இருக்க முடியுமா? அண்ணன் பாஸ்வேர்டை இந்தா இந்தச் செவுத்துலதான் எழுதி ஒட்டியிருந்தோம். விசாரணைக்கு வந்தப்பத்தான் கிழிச்சோம்."

சுவரில் ஒட்டுநாடாவின் நான்கு மூலைகள் இன்னும் இருந்தன.

மூன்று பேர் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி, மூன்று பேர் ஒரே பெயரைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் அலுவலகங்களில் இது புதிதா என்ன? ஆனால் கணிப்பொறிக்கு அது தெரியாது. அதிக நேரம் யார் உட்கார்ந்தார்களோ, யார் அதிகமாக அடித்தார்களோ, அவரைத்தான் அது கோட்டைச்சாமி என்று எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டு பேரையும் அவ்வப்போது வந்து போகிற அந்நியர்கள் என்று எழுதி வைத்திருந்தது.

"நைட் ஷிப்ட் யாரு?" என்று தில்லையரசி கேட்டாள்.

"அமலி. அமலோற்பவம்," என்றார் அபுதாகிர். "ஒப்பந்த ஆளு. பன்னெண்டு மணி நேரம், ராத்திரி. இப்ப இல்ல. வேலையில இருந்து நிறுத்தி ஒன்பது நாளாச்சு."

"அந்தக் குளோரின் விஷயமா?"

"அதான்."

அந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீரில் குளோரின் பத்து மடங்கு கலந்துவிட்டது. புள்ளி எட்டு என்று அடிக்க வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் வெறும் எட்டாகிவிட்டது. இரண்டு ஊர்களில் முப்பத்தொரு பேர் தொண்டை எரிந்து, வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் குரல் கரகரத்துப்போய் இன்னும் சரியாகவில்லை. எண் அடிக்கப்பட்டது காலை ஐந்து ஐம்பதுக்கு. பதிவேட்டில் ஆறு மணி வரை அமலோற்பவத்தின் கையெழுத்து. விசாரணைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

தில்லையரசி அந்தத் தேதிக்கு நாட்குறிப்பைத் தள்ளிக்கொண்டு போனாள். ஐந்து முப்பத்தைந்து வரைக்கும் அந்த நிதானமான கை. ஐந்து நாற்பத்திரண்டுக்கு வேறு ஒரு வரி.

விசைப்பலகையில் அந்நியர். கோட்டைச்சாமியாக இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று. ஆலைக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஐந்து ஐம்பதுக்கு அதே அந்நியரின் கை குளோரின் அளவை மாற்றியிருந்தது.

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோட்டைச்சாமி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்திருப்பாள்.

"அண்ணே," என்றார் அபுதாகிர். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

கோட்டைச்சாமி சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உப்பாறுமுனையிலிருந்து அமலியின் ஊருக்கு முதல் பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு. அதை விட்டால் எட்டு பத்துக்குத்தான் அடுத்தது. அதற்குள் அவள் மகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுக்க ஆளில்லை. அதனால் கோட்டைச்சாமி தினமும் ஐந்தரைக்கே வந்துவிடுவார். திரை பூட்டுவதற்கு முன்னால் நாற்காலி மட்டும் கைமாறும். ஆறு மணி என்று எழுதி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஓடுவாள். இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட அவர் தவறியதில்லை. மழையிலும் வந்திருக்கிறார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் மேடம்," என்றார். "அன்னைக்குத் தூக்கக் கலக்கம். எட்டுன்னு அடிச்சேன். எச்சரிக்கை மணி அடிச்சுச்சு. அது தினமும் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அடிக்கும். அமுக்கி விட்டுட்டேன்."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"ஒரு மாசம் நிறுத்தி வச்சுட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்கன்னு நெனச்சேன். அமலியும் வாயைத் தொறக்கல. மொதல் நாள் பேசாம இருந்துட்டேன். ரெண்டாவது நாள் பேசணும்னா, மொதல் நாள் ஏன் பேசலன்னு கேப்பாங்கள்ல?"

தொலைபேசி ஒலித்தது. தில்லையரசியின் மேலாளர் ரகுராமன்.

"என்ன ஆச்சு தில்லை? மணி பன்னெண்டரை. மேல இருந்து போன் மேல போன்."

"ஆளைத் தப்பாப் படிச்சிருக்கு சார். பேரு ஒருத்தர், கை வேற ஒருத்தர்."

"சரி, பூட்டைக் கழற்றிரு. ரெண்டு நிமிஷ வேலை."

"கழற்றினா அது எழுதினது அத்தனையும் போயிரும் சார்."

"போகட்டுமே. தண்ணி வரணும், அவ்வளவுதான்," என்று வைத்துவிட்டார்.

"அதென்ன போயிரும்?" என்றார் அபுதாகிர்.

"கைநடை அவங்கவங்க சொத்து. கைரேகை மாதிரி. பூட்டு இல்லாத இடத்துல அது கிடக்கக் கூடாதுன்னு சட்டம். பூட்டைக் கழற்றின அந்த நிமிஷமே, படிச்சது, எழுதினது, இந்த அஞ்சு நாப்பத்திரெண்டு, அஞ்சு அம்பது, எல்லாத்தையும் அழிச்சிரும்."

"நீங்க ஒரு போட்டோ எடுத்துக்கங்க மேடம்."

"போட்டோவை எவன் ஒத்துக்குவான்? நானே எழுதி எடுத்தேம்பான். முத்திரையோட எடுத்தாத்தான் செல்லும். அந்த முத்திரையை, யாரோட கையோ அவங்களே உள்ள வந்து கேட்டாத்தான் குடுக்கும்."

கோட்டைச்சாமி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"கழற்றிருங்கம்மா," என்றார். மேடம் போய் அம்மா வந்துவிட்டது. "அவுகதான் சொல்லிட்டாகள்ல. பதினாலு ஊருத் தண்ணி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

தில்லையரசி என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் வெளியே வண்டி உதைபடும் சத்தம் கேட்டது. அபுதாகிர் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. நனைந்த கால்சராயோடு வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

அமலி இப்போது நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிறாள் என்று கோட்டைச்சாமிதான் பிறகு சொன்னார். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். கம்பெனிக்குள் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஒன்றரை மணிக்குக் கோட்டைச்சாமி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். மூடினார். வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தனியாக இருந்த நேரத்தில் தில்லையரசி அந்த ஐந்து நாற்பத்திரண்டு வரியை மறுபடி திறந்தாள். 'ஆலைக்குத் தெரிவிக்கப்பட்டது' என்றிருந்ததே, எங்கே தெரிவித்தது, யாருக்குத் தெரிவித்தது? அதைத் தட்டினால் உள்ளே இன்னும் நாலு வரி இருந்தது. எச்சரிக்கை உப்பாறுமுனைக்கு வரவில்லை. பராமரிப்பு ஒப்பந்தப்படி மதுரைக்குப் போயிருந்தது.

பார்த்தவர்: தில்லையரசி. முடிவு: பொய் எச்சரிக்கை. எடுத்துக்கொண்ட நேரம்: நாலு விநாடி.

அவளுக்கு அந்தக் காலை ஞாபகமே இல்லை. ஞாபகம் இருக்கவும் வழியில்லை. அறுபது நிலையங்களின் எச்சரிக்கை அவளுக்குத்தான் வரும். அதிலும் உப்பாறுமுனையிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு அந்நியர், அந்நியர் என்று வந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் போன் செய்து கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்ல மேடம், நாந்தான் உக்காந்திருக்கேன்," என்று கோட்டைச்சாமிதான் சொன்னார். அதன்பிறகு எழுநூறு காலைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு விநாடி. அன்றைக்கு ஐந்தாவது விநாடி கொடுத்து ஒரு போன் போட்டிருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருந்த மனிதர் விழித்திருப்பார். அந்தப் பிள்ளைக்குக் குரல் இருந்திருக்கும்.

பூட்டைக் கழற்றுகிற கட்டளை ஒரு வரிதான். அதை அவள் அடித்தாள். 'உறுதியா?' என்று கேட்டது. ஆம் என்று ஓர் எழுத்து. கோட்டைச்சாமியின் பெயர் போகும், அவளுடைய பெயரும் போகும். மேலாளர் உத்தரவு இருக்கிறது, தண்ணீர் வரும், யாரும் கேட்கப்போவதில்லை.

அபுதாகிருக்குப் போன் செய்தாள். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

அவள் கட்டளையை அழிக்கவில்லை. ஆம் என்று அடிக்கவும் இல்லை. சிமிட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லவள் என்று சொல்வதா, முடிவெடுக்கத் தெரியாதவள் என்று சொல்வதா, உங்கள் இஷ்டம்.

இரண்டு முப்பத்தைந்துக்கு வண்டி வந்தது.

அமலோற்பவம் உள்ளே வந்தாள். மெலிந்த உடம்பு. கம்பெனியின் நெகிழித் தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். அறை முழுக்க நண்டு வாடை. கோட்டைச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள்.

"என்னைய எதுக்குக் கூப்பிட்டிருக்காகன்னு அபு அண்ணன் வழியில சொன்னாரு," என்றாள் தில்லையரசியிடம். "மெசினு என்னைத்தான் கோட்டைச்சாமிங்குதாமே. நெசமாவா?"

"நெசந்தான்க்கா."

"அது தேவலை. அதுக்காச்சும் தெரிஞ்சிருக்கு."

உட்கார்ந்தாள். கையை நீட்டியபோதுதான் தில்லையரசி பார்த்தாள். நான்கு விரல்களில் பிளாஸ்திரி. ஒன்பது நாள் நண்டு ஓடு கிழித்த விரல்கள். அமலி பிளாஸ்திரிகளை உரித்துப் போட்டுவிட்டுக் கடவுச்சொல்லை அடித்தாள். பார்த்துப் பார்த்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி அடித்தாள்.

கோட்டைச்சாமி பணியில் இல்லை.

மறுபடி அடித்தாள். இன்னும் கவனமாக அடித்தாள்.

கோட்டைச்சாமி பணியில் இல்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள் தில்லையரசி. "மூணாவதும் தப்புனா அரை மணி நேரம் சாத்திக்கும். இப்ப மணி ரெண்டு அம்பது. மூணு பத்துக்கு ஆலை நின்னுரும். அதுக்கு முன்னால நான் கழற்றித்தான் ஆகணும்."

"கழற்றுனா?"

"தண்ணி வரும். நீங்க அன்னைக்கு இங்க இல்லைங்கிறதுக்குச் சாட்சி போயிரும்."

அமலி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எப்பவும் இப்படித்தான் அடிப்பீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எப்பவுமா? ராத்திரி எங்க உக்கார நேரம்? கால் மணிக்கொருக்க மீட்டர் பாக்கப் போயிருவேன். நடையாத்தான் நடப்பேன். வரும்போது திரை பூட்டியிருந்தா..." அவள் நிறுத்தினாள். "நின்னுக்கிட்டேதான் அடிப்பேன். ஒத்தக் கையில. இன்னொரு கையில பதிவேடு இருக்குமில்ல."

எழுந்து நின்றாள். நாற்காலியைக் காலால் பின்னால் தள்ளினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பதிவேடு அலமாரியில் இருந்தது. அலமாரி வாசல் பக்கம்.

கோட்டைச்சாமி அதை எடுத்தார். நீளமான, சிவப்புத் துணி ஒட்டிய கனத்த புத்தகம். இரண்டு வருஷத்துக் காலை ஆறு மணிகள் அதற்குள் இருந்தன. அதைக் கொண்டுவந்து அவளுடைய இடது கை மடிப்பில் வைத்தார். அது எப்போதும் எந்தப் பக்கம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அங்கிட்டுத் திரும்புங்க," என்றாள் அமலி. "மேடம் நீங்களுந்தான். பாத்துக்கிட்டே நின்னா கை வரமாட்டேங்குது."

மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். பின்னால் வலது கை ஒன்று, பாதி கவனமில்லாமல், வேறு எதையோ நினைத்துக்கொண்டு தட்டுகிற சத்தம் கேட்டது. கடைசிச் சாவியை மட்டும் பலமாக அடித்தாள்.

"ம்," என்றாள். "விட்டுருச்சு."

திரையில் பம்புகளும் தொட்டிகளும் பச்சையாக வரிசைகட்டி நின்றன. அமலி முதலில் குளோரின் அளவைப் பார்த்தாள். புள்ளி எட்டு. பிறகு 'கவனித்தேன்' பொத்தானை அழுத்தினாள். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

முத்திரை போட்ட நகலை எடுக்கத் தில்லையரசி சொல்லிக்கொடுத்தாள். அச்சுப்பொறி மூன்று தாள்களைத் துப்பியது. அமலி கையில் வாங்கினாள்.

"இதுல யாரு யாரு பேரு இருக்கு?"

"அன்னைக்கு நீங்க அஞ்சு முப்பத்தஞ்சுக்கு மேல அடிக்கலன்னு இருக்கு. அப்புறம் அந்நியர்னு இருக்கு. அதுக்குக் கீழ என் பேரு இருக்கு."

"உங்க பேரா?"

"அந்நியர் உக்காந்திருக்காருன்னு அது என்கிட்டச் சொல்லியிருக்கு. நான் பொய்னு மூடிட்டேன். நாலு செகண்டுல."

அமலி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று தில்லையரசியால் சொல்ல முடியவில்லை. நண்டு உடைத்துக் களைத்த முகம், அவ்வளவுதான்.

"அந்த அந்நியன் யாருன்னு நான் எழுதிக் குடுக்கிறேன்," என்றார் கோட்டைச்சாமி. "நீ ஏன் தாயி அன்னைக்கே சொல்லல?"

"நான் முன்கூட்டியே போயிட்டேன்னு சொன்னா, ரெண்டு வருசமாப் போயிருக்கேன்னு ஆகும். எனக்காக வந்த நீங்களும் மாட்டுவீக. ரெண்டு பேரு போறதுக்கு ஒரு ஆளு போனாப் போதும்னு நெனச்சேன்." தாள்களை நான்காக மடித்தாள். "ஒரு வாரத்துல நீங்களாப் பேசுவீகன்னும் நெனச்சேன்."

கோட்டைச்சாமி அச்சுப்பொறியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார்.

"எழுதிக் குடுங்கண்ணே," என்றாள் அவள்.

தாள்களைச் சேலைக்குள் செருகிக்கொண்டு பதிவேட்டை அலமாரியில் வைத்தாள்.

"மூணு இருபதுக்குப் பஸ் இருக்கு. நான் வாரேன்."

"எங்கக்கா போறீங்க?" என்று பதறினாள் தில்லையரசி. "திரை பூட்டிக்குமே! ஒன்பது மணிக்கு முன்னால மறுபடி அழுத்தணும்."

"பூட்டிக்கும்தான். ஒன்பது மணி வரைக்கும் தண்ணி ஓடும்ல? அதுக்குள்ள ஆபீசுல இருந்து ஒரு லெட்டர் போட்டுக் கூப்பிடச் சொல்லுங்க. ஓடி வாரேன்." வாசலில் நின்று திரும்பினாள். "என் பேருல போடச் சொல்லுங்க. முழுசா. அமலோற்பவம்னு."

அபுதாகிர் வண்டிச் சாவியை எடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள்.

பதினைந்து நிமிஷம் யாரும் திரையைத் தொடவில்லை. தொட்டு விழிக்க வைத்திருக்கலாம். மூன்று பேருக்கும் அது தெரியும். திரை மங்கி, அணைந்து, பூட்டிக்கொண்டது. கோட்டைச்சாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பதிவேட்டு அட்டையைத் தாங்கலாக வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

தில்லையரசி மடிக்கணினியில் சிமிட்டிக்கொண்டிருந்த கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்தாள். பிறகு ரகுராமனுக்குப் போன் செய்தாள். முதலில் தன் நாலு விநாடியைச் சொன்னாள். அதற்கப்புறம் நியமனக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது மணிக்கு முன்னால், முழுப் பெயரில்.

"அதெல்லாம் நாளைக்குப் பேசலாம்," என்றார் ரகுராமன். "இப்ப அங்க கோட்டைச்சாமி இருக்காரா? போனை அவர்கிட்டக் குடு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"பணியில் இல்லை சார்," என்றாள். "பஸ் ஏறிட்டாங்க. லெட்டர் வந்தா வருவாங்க."